படம் தொலைந்துபோனால் எதைப் படிப்பது? பழைய தமிழ் சினிமாவை ஆராய வருபவருக்கு ஒரு பதில்

மதுரையிலிருந்து ஒரு மாணவி கேட்டிருக்கிறார். முதுகலை முடித்து ஆய்வுக்குப் பதிவு செய்திருக்கிறாராம். 1930 முதல் 1950 வரையிலான தமிழ் சினிமாவையும் அதைப் பார்த்த மக்களையும் பற்றி எழுத ஆசை. "யூடியூபில் உள்ள பழைய படங்களைப் பார்த்துவிட்டேன். பட்டியலில் இருக்கிற பல படங்கள் எங்கேயுமே கிடைக்கவில்லை. இனி எந்த நூலகத்துக்குப் போவது? போய் என்ன கேட்பது?" என்பது அவருடைய கேள்வி. நூலகங்களின் பெயரைச் சொல்வதென்றால் பத்து வரியில் முடிந்துவிடும். போய் என்ன கேட்பது என்பதற்குத்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தேடும் படங்களில் பல இனிமேல் கிடைக்கப்போவதில்லை. கீசகவதம் எடுத்த ஆர். நடராஜ முதலியார் சென்னை மில்லர்ஸ் சாலையில் ஸ்டுடியோ வைத்து அடுத்தடுத்து மௌனப் படங்கள் எடுத்தவர். அவற்றில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. தமிழ் பேசிய முதல் படமான காளிதாஸ் 1931 அக்டோபர் 31 அன்று வெளியானது. அதற்கும் பிரதி இல்லை. எம்.எஸ். சுப்புலட்சுமி முதன்முதலாக நடித்த சேவாசதனமும் (1938) இல்லை. அந்தக் காலத்துப் படச்சுருள் நைட்ரேட்டால் ஆனது. லேசில் தீப்பிடிக்கும், வெக்கையில் நைந்துபோகும். கொட்டகை கொட்டகையாக ஓடித் தேய்ந்த பிரதியை, அதிலிருக்கும் வெள்ளியை உருக்கி எடுப்பதற்காக எடைக்குப் போட்டவர்களும் உண்டு. படங்களைச் சேர்த்துவைக்க என்று நாட்டில் ஓர் அமைப்பு, புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம், வந்ததே 1964இல்தான். அதற்குள் நீங்கள் ஆராய விரும்பும் காலம் முழுக்கக் கடந்துபோயிருந்தது.

ஆகவே படத்தைச் சுற்றியிருந்த காகிதத்தைத்தான் நாம் படிக்க வேண்டும். அந்தக் காகிதத்தைத் தேடிப் போகும்போது எந்த நூலகத்திலும் எந்த அலுவலகத்திலும் நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இதை எடுத்துவைக்க யாருக்குத் தேவை இருந்தது? ஆசைக்காகச் சேர்த்தவர்கள் இருக்கிறார்கள். பயத்தில் சேர்த்தது போலீஸ். சட்டப்படி ஒரு பிரதியை அரசாங்கத்துக்குக் கொடுத்தாக வேண்டியிருந்தது அச்சகத்துக்காரருக்கு. வரி கட்டக் கணக்கு எழுதினார் கொட்டகைக்காரர். பொருள் எங்கே இருக்கும், அதில் என்ன எழுதியிருக்கும், என்ன எழுதப்படாமல் விட்டுப்போயிருக்கும் என்ற மூன்றையும் இந்தக் காரணம்தான் முடிவு செய்கிறது.

இதற்கு எனக்குத் தெரிந்து மிகத் தெளிவான உதாரணம் மார்த்தாண்ட வர்மா. நாகர்கோவில்காரரான ஆர். சுந்தரராஜ் 1933இல் வெளியிட்ட மௌனப் படம் அது. சி.வி. ராமன் பிள்ளையின் நாவல்தான் கதை. நாவலின் உரிமை திருவனந்தபுரத்தில் கமலாலயா புத்தகக் கடையிடம் இருந்தது. அவர்கள் வழக்குப் போட்டார்கள், படம் ஓடுவது நின்றது, சுருள் புத்தகக் கடைக்காரர்களின் கைக்குப் போனது. நாற்பது ஆண்டுகள் அங்கேயே கிடந்தது. 1974இல் புனே காப்பகம் அதை வாங்கிக்கொண்டது. தெற்கில் எடுக்கப்பட்ட மௌனப் படங்களில் இன்று பார்க்கக் கிடைப்பது அது என்றால், அதற்குக் காரணம் அந்த வழக்கு. ஊர் ஊராக ஓடியிருந்தால் மற்றவை போன வழியில் அதுவும் போயிருக்கும். சுந்தரராஜுக்கு அது பெரிய நஷ்டம். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். ஆனாலும் நமக்குப் படம் கிடைத்தது அவருடைய அந்த நஷ்டத்தால்தான்.

ஆசைக்காகச் சேர்த்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார். சென்னையில் விளம்பரப் பலகை எழுதும் கடை வைத்திருந்தவர் அவர். 'ரோஜா ஆர்ட்ஸ்' என்ற அந்தக் கடையின் பெயரே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. பிறகு ஊருக்குத் திரும்பி, பழைய புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் குப்பை என்று ஒதுக்கியதையெல்லாம் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபோது ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது, ஆனால் கடல் கடந்து கொண்டுபோகாமல் தமிழ்நாட்டிலேயே நூலகமாக வைக்க வழிசெய்தது. 1994 முதல் அது சென்னையில் இயங்குகிறது. இப்போது இருப்பது தரமணியில். உங்கள் முதல் பயணம் அங்கேதான். நேரில் போவதற்கு முன்பே அவர்களுடைய இணைய அட்டவணையில் தேடி, எண்களைக் குறித்துக்கொண்டு போங்கள்.

அங்கே போனதும் முதலில் பாட்டுப் புத்தகங்களைக் கேளுங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கொட்டகை வாசலில் ஓரணாவுக்கும் இரண்டணாவுக்கும் விற்ற அந்த மெல்லிய புத்தகத்தை நம்மில் பலர் பாட்டு வரிக்காக மட்டும் புரட்டுகிறோம். அட்டையிலிருந்து பின்னட்டை வரை ஒவ்வொரு வரியும் ஆய்வாளருக்குத் தகவல். நடிகர் பட்டியலில் யார் பெயர் முதலில், யார் பெயர் பெரிய எழுத்தில் என்று பாருங்கள். நாடகக் கம்பெனியிலிருந்து வந்தவரைக் கம்பெனியின் பெயரோடு சேர்த்துப் போட்டிருக்கிறார்களா, பெண் நடிகரின் பெயருக்கு முன்னால் குமாரி, ஸ்ரீமதி, மிஸ் என்பவற்றில் எது வருகிறது என்று பாருங்கள். பாட்டுக்கு மேலே ராகம், தாளம் கொடுத்திருப்பார்கள். சிலவற்றில் இன்ன பாட்டின் மெட்டு என்றும் இருக்கும். அந்த மெட்டு இந்திப் பாட்டா, நாடகப் பாட்டா, கீர்த்தனையா என்று ஒரு ஐம்பது புத்தகங்களில் மட்டும் எண்ணிப் பாருங்கள். தமிழ் சினிமா இசை எங்கிருந்து வந்தது என்பதற்கு யாரும் மறுக்க முடியாத ஒரு சான்று உங்கள் கையில் இருக்கும்.

கதைச் சுருக்கம் அதைவிட முக்கியம். படம் தொலைந்துவிட்டபோது கதை நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் இந்த ஒன்றரைப் பக்கத்தில்தான். ஆனால் சுருக்கம் முக்கியமான இடத்தில் நின்று, "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று முடியும். அதனால் முடிவை வேறு இடத்தில், பத்திரிகை விமர்சனத்தில் அல்லது அதே கதையின் நாடகப் பிரதியில், தேட வேண்டியிருக்கும். இந்தச் சுருக்கம் விளம்பரத்துக்காக எழுதப்பட்டது என்பதையும் மறக்கக் கூடாது. படத்தில் எவ்வளவு நேரம் வந்தது என்று தெரியாத ஒரு காட்சிக்குச் சுருக்கத்தில் அரைப் பக்கம் கொடுத்திருப்பார்கள்.

காளிதாஸையே எடுத்துக்கொள்ளுங்கள். புராணப் படம் போன்ற தலைப்பு. ஆனால் அதோடு காந்தியின் ராட்டையைப் போற்றும் பாட்டும் சேர்த்துக் காட்டப்பட்டது. கதைக்கும் அதற்கும் தொடர்பு கிடையாது. 1931இல் கொட்டகைக்கு வந்த கூட்டம் எதைக் கேட்க விரும்பியது என்பதை அந்த ஒரு தகவல் எவ்வளவு சொல்கிறது! படத்தை ஒருவரும் பார்க்க முடியாத நிலையில் இது நமக்குத் தெரிவதே அச்சான காகிதத்தாலும், திரைப்பட வரலாற்றாசிரியர் எஸ். தியடோர் பாஸ்கரன் போன்றவர்கள் காலத்தில் போய்ப் பழையவர்களைக் கேட்டு எழுதியதாலும்தான். அவர் நடராஜ முதலியாரையே நேரில் கண்டு பேசியவர். அவருடைய புத்தகங்களைப் படிக்காமல் நூலகத்துக்குக் கிளம்பாதீர்கள்.

பாட்டுப் புத்தகத்தைப் பற்றி இன்னும் ஒன்று. செட்டிநாட்டுப் பக்கம் ஒரு வீட்டுப் பரணில் இருந்த பாட்டுப் புத்தகக் கட்டு ஒன்றை ஒருமுறை பார்க்கக் கொடுத்தார்கள். ஒரு புத்தகத்தின் பின்னட்டையில் பென்சிலால், "அத்தை, நான், சின்னவள். இரண்டாம் ஆட்டம். நல்ல மழை" என்று எழுதியிருந்தது. கையெழுத்து ஒரு பெண்ணுடையதாகத்தான் இருக்க வேண்டும். படம் பார்த்த மக்களைப் பற்றி எழுத விரும்புகிறீர்களே, அதற்கு இந்த மாதிரி வரிதான் வேண்டும். நூலகத்தில் புத்தகத்தைத் திறக்கும்போது அச்சிட்டதை மட்டும் படிக்காமல் ஓரங்களையும் பாருங்கள். டிஜிட்டல் பிரதியில் சில சமயம் அட்டையையும் வெற்றுப் பக்கத்தையும் விட்டிருப்பார்கள். சந்தேகம் வந்தால் மூலத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

சரி, அடுத்தது பயத்தில் சேர்த்த அரசாங்கம். 1918ஆம் ஆண்டின் சினிமாட்டோகிராஃப் சட்டத்துக்குப் பிறகு சென்னையில் தணிக்கைக் குழு வந்தது. அதற்குத் தலைவர் போலீஸ் கமிஷனர். சான்றிதழ் பெற்ற படத்தின் பெயர், தயாரிப்பாளர், நீளம் முதலியவை அரசிதழில் வெளியாயின. நீளம் அடிக் கணக்கில் இருக்கும். 35 மில்லிமீட்டர் பேசும் படம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். அப்படியென்றால் 18,000 அடி என்று பதிவான படம் 200 நிமிடம். யூடியூபில் நீங்கள் பார்த்த அதே படம் 150 நிமிடம் என்றால் 50 நிமிடம் எங்கேயோ வெட்டுப்பட்டிருக்கிறது. பாட்டுப் புத்தகத்தோடு ஒப்பிட்டால் எந்தப் பாட்டு போயிற்று என்பதுகூடத் தெரிந்துவிடும். பார்த்த படத்தை முழுப் படம் என்று நம்பி முடிவுகள் எழுதிவிடாதீர்கள். இரண்டாம் உலகப் போரில் ஃபிலிமுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று அரசு கட்டுப்பாடு போட்டது. கணக்குப் பார்த்தால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். போர்க்காலப் படங்களின் வேகம், பாட்டுகளின் எண்ணிக்கை பற்றியெல்லாம் எழுதும்போது அழகியல் காரணம் தேடுவதற்கு முன் இந்த அடிக் கணக்கைப் பாருங்கள்.

தணிக்கையும் கொட்டகை உரிமமும் பற்றிய அரசாங்கக் கோப்புகள் இருப்பது எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில். 1909இல் கட்டிய சிவப்புக் கட்டடம். உங்கள் வழிகாட்டியிடமிருந்து கடிதம் வாங்கி விண்ணப்பித்து, அனுமதி வந்த பிறகுதான் உள்ளே வேலை செய்ய முடியும். அதற்கு நேரம் ஒதுக்கிவையுங்கள். அங்கே சினிமா என்று ஒரு பிரிவு இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். அரசாணைகள் துறைவாரியாக, ஆண்டுவாரியாக அடுக்கப்பட்டவை. பொதுத்துறை, உள்துறை, சட்டத்துறை என்று ஒவ்வொன்றின் வருடாந்தர அட்டவணையையும் எடுத்துத் தேட வேண்டும். சினிமா என்ற சொல்லை மட்டும் தேடினால் போதாது. அனுமதி, உரிமம், தடை, தீவிபத்து, மின்சாரம், நாடகம், ஆட்சேபம் என்று அதிகாரி எந்தச் சொல்லில் யோசித்திருப்பார் என்று யூகித்துத் தேடுங்கள். கொட்டகை தீப்பிடிக்காமல் இருக்க வேண்டும் என்ற கவலையில் எழுதிய ஒரு கோப்பில் அந்த ஊரில் எத்தனை பேர் படம் பார்த்தார்கள், பெண்களுக்கு இடம் தனியாக இருந்ததா என்பது கிடைக்கலாம்.

கே. சுப்ரமணியத்தின் தியாகபூமிக்கு 1940இல் தடை விழுந்தது பலருக்கும் தெரியும். அதே கதையைக் கல்கி ஆனந்த விகடனில் தொடராக எழுதியபோது ஓவியத்துக்குப் பதில் படத்தின் ஸ்டில்களைப் போட்டார்கள் என்பதை இன்று நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. தொடரை வாரம் வாரமாக எடுத்துப் படிப்பவருக்கு, ஒரு கதை பத்திரிகையிலும் திரையிலும் ஒரே நேரத்தில் எப்படி நடந்தது என்பது தெரியும். புத்தகமாக வந்த பதிப்பை மட்டும் படித்தால் இது கிடைக்காது. எப்போதும் முதலில் வெளியான இதழைத் தேடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

பார்வையாளர்களைப் பற்றி எழுத வேண்டுமானால் கட்டாயம் படிக்க வேண்டியது 1927-28 ஆண்டுகளின் இந்திய சினிமாட்டோகிராஃப் குழுவின் சாட்சியத் தொகுதிகள். தலைவர் சென்னை வழக்கறிஞர் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார். குழு ஊர் ஊராகப் போய், கொட்டகை முதலாளி, ஆசிரியர், அதிகாரி, பத்திரிகையாளர் என்று 350க்கு மேற்பட்டவர்களின் சாட்சியத்தைப் பதிவு செய்தது. சென்னையிலும் விசாரணை நடந்தது. அறிக்கையை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். உண்மையான புதையல் சாட்சியங்களில் இருக்கிறது. கேள்வியும் பதிலும் அப்படியே அச்சாகியிருக்கின்றன. தரை டிக்கெட்டில் யார் உட்கார்ந்தார்கள், பெண்கள் வந்தார்களா, எந்த மாதிரிப் படம் ஓடியது என்று ஒருவரை ஒருவர் மறுத்துப் பேசுவதைப் படிக்கலாம். இணையத்திலும் கிடைக்கிறது. ஒரே ஒரு எச்சரிக்கை: பேசியவர்களில் பெரும்பாலோர் படித்த, வசதியான ஆண்கள். தரை டிக்கெட்காரரைப் பற்றி அங்கே நிறையப் பேச்சு இருக்கிறது. அவர் பேசியதோ அபூர்வம்.

சட்டத்தால் சேர்ந்தவை இன்னொரு வகை. 1867ஆம் ஆண்டுச் சட்டப்படி அச்சடித்த ஒவ்வொன்றிலும் அச்சகத்தின் பெயர் இருக்க வேண்டியிருந்தது, பிரதியை அரசிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. அப்படி ஒப்படைத்தவற்றில் தேர்ந்தெடுத்தவை லண்டனுக்குப் போயின. சென்னை குஜிலிக் கடைத்தெருவில் காலணாவுக்கு விற்ற கொலைச் சிந்து, வெள்ளச் சிந்து, ரயில் விபத்துப் பாட்டு எல்லாம் இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருப்பது இந்த வழியில்தான். ஆ.இரா. வேங்கடாசலபதி முச்சந்தி இலக்கியம் என்ற நூலில் அவற்றைப் பற்றி எழுதியிருக்கிறார். சினிமாவுக்கு நேரே தொடர்பில்லையே என்று நினைக்காதீர்கள். தெருவில் பாட்டுப் புத்தகம் வாங்கும் பழக்கம் முன்பே இருந்ததால்தான் கொட்டகை வாசலில் அது அவ்வளவு எளிதாக விற்றது. விடுதலைக்குப் பிறகு, 1954ஆம் ஆண்டுச் சட்டத்தால், சென்னை கன்னிமாரா நூலகம் வெளியாகும் நூல்களின் பிரதி வந்து சேரும் வைப்பு நூலகங்களில் ஒன்றானது. 1950களின் பத்திரிகை உங்களுக்கு வேண்டுமானால் அங்கே கேட்கலாம்.

சினிமாப் பத்திரிகைகளில் சினிமா உலகம், பேசும் படம், குண்டூசி மூன்றையும் கட்டாயம் பாருங்கள். பி.ஆர்.எஸ். கோபாலின் குண்டூசி கேள்வி பதிலுக்குப் பேர்போனது. ரசிகர்கள் என்ன கேட்டார்கள் என்பதை வரிசையாகத் தொகுத்தாலே ஓர் அத்தியாயம் வரும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய இதழ்கள் நிறைய ஏறியிருக்கின்றன, வீட்டிலிருந்தே படிக்கலாம். மஞ்சள் பத்திரிகைகள் நிலைமை வேறு. சினிமா தூது, இந்து நேசன் நடத்திய லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் கொல்லப்பட்டார். எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் சிறைக்குப் போய், பிரிவி கவுன்சில் வரை மேல்முறையீடு சென்று, 1947இல் விடுதலையானார்கள். அந்த வழக்கைப் பற்றி இத்தனை எழுத்து வந்தும் அந்தப் பத்திரிகைகளின் முழு வரிசையைக் கண்ணால் பார்த்தவர்களைக் காண்பது அரிது. மரியாதையான நூலகம் அவற்றை வாங்கியிருக்காது, வாங்கிப் படித்தவர் வீட்டில் வைத்திருக்க மாட்டார். அங்கே நமக்குத் துணை நீதிமன்றத் தீர்ப்பும் போலீஸ் கோப்பும்தான். அவை குற்றத்தைத் தேடியவர்கள் எழுதியவை என்பதை ஞாபகத்தில் வைத்துப் படியுங்கள்.

தேதி விஷயத்தில் யாரையும் நம்பாதீர்கள். கீசகவதம் 1916 என்று ஒரு புத்தகம், 1917 என்று இன்னொன்று, 1918 என்று மற்றொன்று சொல்லும். இணையப் பட்டியல்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் வாழ்நாள் முழுக்க உட்கார்ந்து தொகுத்த பட்டியல்தான் நம் எல்லோருக்கும் அடித்தளம், அவருடைய தொகுப்பை அரசே வாங்கியது. 2004இல் அது பெரிய நூலாக வந்தது. அவருக்கு நாம் பட்ட கடன் சொல்லி முடியாது. அதையும்கூட நாளிதழ் விளம்பரத்தோடு வைத்துச் சரிபாருங்கள். சுதேசமித்திரன், தினமணி, இந்து இவற்றின் விளம்பரப் பக்கம் வெளியான நாளை மட்டுமல்லாமல் எந்தக் கொட்டகை, எத்தனை ஆட்டம், எத்தனையாவது வாரம் என்றும் சொல்லும். அப்புறம், பலர் மறந்துவிடும் ஒரு இடம் சிங்கப்பூர். அந்நாட்டுத் தேசிய நூலகம் பழைய நாளிதழ்களை இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது, தமிழ் முரசும் அதில் உண்டு. சென்னையில் வெளியான படம் எத்தனை மாதம் கழித்து அங்கே போனது, கப்பல் ஏறிப் போன தோட்டத் தொழிலாளிகளுக்கு எப்படி விளம்பரம் செய்தார்கள் என்பதை மதுரையில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம்.

புனேயில் இருக்கும் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு ஒருமுறையாவது போங்கள். பி.கே. நாயர் 1965இல் அங்கே சேர்ந்து, 1991இல் ஓய்வு பெறுவதற்குள் ஏறத்தாழ 12,000 படங்களைச் சேர்த்தவர். கொட்டகை, கிடங்கு, வீடு என்று அலைந்து சேர்த்தார். 2003இல் புனேயில் நடந்த தீவிபத்தில் நைட்ரேட் சுருள்கள் ஏராளமாக எரிந்துபோயின. இருந்தும் யூடியூபில் இல்லாத தமிழ்ப் படங்கள் அங்கே உண்டு. படம் மட்டுமல்ல, சுவரொட்டி, ஸ்டில், பாட்டுப் புத்தகமும் வைத்திருக்கிறார்கள். இப்போது அது தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைந்துவிட்டது. என்ன படம், எந்தத் தேதி, எதற்கு என்று முன்கூட்டியே எழுதி அனுமதி பெற்றுக்கொண்டு ரயில் ஏறுங்கள்.

ஒலியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படம் இல்லாவிட்டாலும் அதன் இசைத்தட்டு இருக்கலாம். இசைத்தட்டுகளை நூலகங்களைவிட வி.ஏ.கே. ரங்கா ராவ் போன்ற தனிச் சேகரிப்பாளர்களே அக்கறையாகச் சேர்த்தார்கள். 1952இல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டைக் குறைத்தபோது தமிழர்கள் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினார்கள். அந்த வானொலியின் இசைத்தட்டு நூலகமும் அறிவிப்பாளர் எஸ்.பி. மயில்வாகனத்தைப் பற்றிய நினைவுகளும் தமிழ்நாட்டு ரசிகர்களின் வரலாறும்தான். இலங்கைப் பத்திரிகைகளுக்கு நூலகம் என்ற இணையத்தளத்தில் தேடுங்கள்.

குடும்பங்கள் காப்பாற்றிய காகிதத்துக்கு உங்கள் ஊரிலேயே அருமையான உதாரணம் இருக்கிறது. காளிதாஸுக்குப் பாட்டெழுதிய மதுரகவி பாஸ்கரதாஸ் நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உள்ளவர். அவருடைய பேரன் ச. முருகபூபதி அவற்றைத் தொகுத்து நூலாக்கியிருக்கிறார். யாருக்கு என்ன பாட்டு எழுதிக் கொடுத்தார், எங்கே போனார் என்று நாள்வாரியாக வருகிற பதிவு அது. நாடகத்திலிருந்து சினிமாவுக்கு மாறிய காலத்தைப் பற்றி எழுதும் ஒருவருக்கு இதைவிட என்ன வேண்டும்? இன்னொரு எல்லையில், சதிலீலாவதியும் மந்திரிகுமாரியும் இயக்கிய எல்லிஸ் ஆர். டங்கன் அமெரிக்காவுக்குத் திரும்பி மேற்கு வர்ஜீனியாவில் வாழ்ந்தார். அவருடைய தொகுப்பு அந்த மாநிலத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. பெண் கலைஞர்களின் வாழ்க்கைக்கு, எழுத்தாளர் அம்பை முன்நின்று மும்பையில் 1988 முதல் நடத்தும் ஸ்பாரோ காப்பகத்துக்கு எழுதிக் கேளுங்கள். அங்கே குரல் பதிவுகளும் படங்களும் சேர்ந்திருக்கின்றன. நடிகைகளைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதியது மட்டுமே கையில் இருந்தால் உங்கள் ஆய்வேடு வதந்தியை மறுபதிப்புச் செய்வதாக ஆகிவிடும்.

வேலை செய்யும் முறை பற்றிக் கொஞ்சம். கோப்பின் முழு எண், துறை, தேதி, இதழின் ஆண்டு, பக்கம் எல்லாவற்றையும் முதல் பார்வையிலேயே எழுதிவிடுங்கள். கைப்பேசியில் படம் எடுக்க அனுமதி இருந்தால் முதல் படம் அடையாளச் சீட்டு, பிறகுதான் பக்கங்கள். நான் தொடக்கத்தில் இப்படிச் செய்யாததால் அருமையான ஒரு குறிப்பை இன்றுவரை பயன்படுத்த முடியவில்லை. எங்கே பார்த்தேன் என்று சொல்ல முடியாத குறிப்பை எழுதுவது சரியல்ல. பதிப்புரிமை பற்றியும் கேட்பீர்கள். நம் சட்டப்படி திரைப்படத்துக்கு வெளியான ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டுகள், எழுத்துக்கு ஆசிரியர் மறைந்த ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டுகள். உங்கள் காலத்துப் படங்கள் பொதுவுடைமை ஆகிவிட்டன, அவற்றின் பாடலாசிரியர்கள் எல்லோருடைய எழுத்தும் ஆகவில்லை.

கடைசியாக, மதுரை. உங்கள் ஊரில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, ஆய்வு நூல்களை அங்கேயே படித்து முடியுங்கள். ஆனால் எந்த நூலகத்திலும் இல்லாத ஒன்று கொட்டகைகளில் இருந்தது. 1939இல் சென்னை மாகாணத்தில் கேளிக்கை வரிச் சட்டம் வந்தது. அதிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எந்த வகுப்பில் எத்தனை டிக்கெட் விற்றது என்று கொட்டகைக்காரர் கணக்கு எழுதியாக வேண்டியிருந்தது. எழுத்தர்கள் தினம் தினம் நிரப்பிய அந்த வசூல் அறிக்கைகள், தரை எத்தனை, பெஞ்சு எத்தனை, பெண்கள் பகுதி எத்தனை என்று சொல்லக்கூடியவை. ரங்காச்சாரியார் குழுவில் பேச வாய்ப்பில்லாமல் போன தரை டிக்கெட்காரர் எண்ணாகவாவது தென்படுவது அங்கேதான். கொட்டகைகள் இடிபடும்போது முதலில் குப்பைக்குப் போவதும் அவைதான். 2,500க்கு மேல் இருக்கைகளோடு 1952இல் பராசக்தியுடன் திறந்த தங்கம் தியேட்டர் இன்று இல்லை. ஆனால் அங்கேயும் மற்றக் கொட்டகைகளிலும் ஆபரேட்டராகவும் டிக்கெட் கிழிப்பவராகவும் வேலை பார்த்தவர்களில் சிலர் எண்பது வயதைத் தாண்டி உங்கள் ஊரில் இருக்கக் கூடும். பழைய ரிஜிஸ்டர் யார் வீட்டில் இருக்கிறது என்று தெரிந்தால் அவர்களுக்குத்தான் தெரியும். சென்னைக்குப் போவதற்கு முன்பே அவர்களைத் தேடிப் போங்கள். கேள்விப் பட்டியலை முதல் நாளே நீட்டாமல், ஒரு பழைய பாட்டுப் புத்தகத்தின் நகலை எடுத்துக்கொண்டுபோய்க் கையில் கொடுங்கள். அட்டையைப் பார்த்ததும் அவரே பேச ஆரம்பிப்பார். பக்கத்தில் வீட்டுப் பெரியம்மாவும் உட்கார்ந்திருந்தால் அவரிடமும் ஒரு பிரதியைக் கொடுங்கள்.